ஜிலேபி மீனுக்கு ஹார்மோன் பொடி போடலாமா?

பெங்களூரிலிருந்து வாசகர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வயது 48. பூர்வீகம் திருப்பத்தூர் பக்கம், குடியிருப்பது அல்சூரில். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் 22 வருடம் மெஷின் ஷாப்பில் வேலை பார்த்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கியவர். வந்த பணத்தில் அத்திப்பள்ளி அருகே குத்தகை நிலத்தில் நான்கு தார்ப்பாய்த் தொட்டிகள் போட்டு, பயோஃபிளாக் முறையில், அதாவது காற்று ஊதி, தண்ணீரிலேயே நுண்ணுயிர்களை வளர்த்து மீன் கழிவைச் சமாளிக்கும் முறையில், கிஃப்ட் திலாப்பியா, அதாவது ஜிலேபி மீன் வளர்க்கிறார். தொட்டிக்கு 10,000 லிட்டர் தண்ணீர், 1,200 குஞ்சு. ஆகஸ்ட் நடுவில் விட்டார். அக்டோபர் வரை வளர்ச்சி நன்றாக இருந்தது. நவம்பரிலிருந்து நின்றுபோய், ஜனவரி முதல் வாரத்தில் சராசரி 130 கிராம்தான். பயிற்சி வகுப்பில் ஆறு மாதத்தில் அரை கிலோ என்று சொல்லியிருக்கிறார்கள்.

இந்த நேரத்தில் ஒருவர் வந்து, 'உங்கள் மீனுக்கு ஹார்மோன் பத்தவில்லை' என்று சொல்லி, கிலோ 1,800 ரூபாய்க்கு 'குரோத் ஹார்மோன்' பொடி கொடுத்திருக்கிறார். முதல் தொட்டிக்கு மட்டும் ஒன்பது நாள் போட்டுப் பார்த்திருக்கிறார். இதற்கிடையில் அவருடைய 11 வயது மகள் போன மாதம் பெரியவளாகிவிட்டாள். 'ஹார்மோன் மீனைத் தின்றுதான் இப்படி' என்று அண்ணி சொல்லப்போய், வீட்டில் மீன் சமைப்பதே நின்றுவிட்டது. அவரிடம் மீன் வாங்கும் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குரூப்பிலும் 'இது ஹார்மோன் மீனா, ஜெனட்டிக் மீனா?' என்று கேட்கிறார்கள். பொடியைத் தொடரலாமா, மகளுக்கு ஏதாவது ஆகுமா, குரூப்பில் என்ன பதில் சொல்வது, இவை அவர் கேள்விகள்.

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஹார்மோனைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு விஷயம் புரிந்தது வேறொரு வரியில். 'காலையில் மீன் பிடிக்கத் தொட்டியில் கை விட்டால் விரல் விறைத்துப்போகிறது' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு அப்புறம் வருகிறேன். பொடியை முதலில் முடித்துவிடலாம்.

முதல் தொட்டி

இன்றோடு பொடியை நிறுத்துங்கள். முதல் தொட்டி மீனை இப்போதைக்கு விற்கவும் வேண்டாம், வீட்டுக்கு எடுத்துவரவும் வேண்டாம். அந்தத் தொட்டியின் வலையையும் வாளியையும் மற்ற தொட்டிகளில் போடாதீர்கள். மிச்சப் பொடியைக் கோபத்தில் கொட்டிவிடாமல் பாக்கெட்டோடு கட்டி, வாங்கிய தேதி எழுதி வையுங்கள்.

காரணம் சொல்கிறேன். வளர்ச்சி ஹார்மோன் என்பது புரதம். பருப்பிலும் முட்டையிலும் இருக்கும் புரதம் வயிற்றுக்குள் போனால் என்ன ஆகுமோ, அதுதான் இதற்கும் பெரும்பாலும் ஆகும். ஜிலேபியின் இரைப்பை நல்ல அமிலம் சுரக்கிற இரைப்பை. சர்க்கரை நோயாளிகள் இன்சுலினை மாத்திரையாக விழுங்காமல் ஊசியாகப் போட்டுக்கொள்வதும் இதனால்தான். ஆய்வுக்கூடத்தில் வளர்ச்சி ஹார்மோனை ஊசியில் ஏற்றி மீனை வேகமாக வளர்த்திருக்கிறார்கள், அது உண்மை. 4,800 மீனுக்கு யார் ஊசி போடுவது?

அமெரிக்காவில் மரபணு மாற்றிய சால்மன் ஒன்றுக்கு 2015 நவம்பரில் உணவு அனுமதி கிடைத்தது. சினூக் என்ற சால்மனின் வளர்ச்சி ஹார்மோன் மரபணுவை, ஓஷன் பௌட் என்ற குளிர்கடல் மீனின் மரபணு 'சுவிட்ச்' ஒன்றோடு சேர்த்து அட்லாண்டிக் சால்மனுக்குள் வைத்தார்கள். சாதாரண சால்மனில் குளிர்காலத்தில் தணிந்துவிடும் அந்தச் சுரப்பு, இதில் வருடம் முழுக்க நடக்கும். 1989இல் தொடங்கிய வேலைக்கு அனுமதி கிடைக்க 26 வருடம் ஆனது. தீனியில் ஒரு ஸ்பூன் பொடி கலந்தால் போதும் என்றிருந்தால் அவர்கள் எதற்கு இத்தனை பாடு படவேண்டும்?

அப்படியானால் உங்கள் பாக்கெட்டில் இருப்பது என்ன? பெரும்பாலும் வைட்டமினும் தாது உப்பும் தவிட்டில் கலந்ததாக இருக்கலாம். அப்படி இருந்தால் நஷ்டம் 1,800 ரூபாயோடு போயிற்று. நான் பயப்படுவது மற்ற இரண்டுக்கு. ஒன்று ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு புரதம் இல்லை, வயிற்றைத் தாண்டி இரத்தத்தில் சேரும். இன்னொன்று, குளோராம்பெனிக்கால், நைட்ரோபியூரான் போன்ற ஆன்டிபயாட்டிக். உணவுப் பாதுகாப்பு ஆணையம் மீன், இறால் விஷயத்தில் தடை செய்த மருந்துகள் இவை. லேபிளில் சேர்மானமும் இல்லை, தயாரிப்பாளர் முகவரியும் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உள்ளே என்ன என்று தெரியாமல், எத்தனை நாள் கழித்து மீனை விற்கலாம் என்று என்னால் சொல்ல முடியாது. யாராவது சொன்னால் நம்பவும் வேண்டாம்.

என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற உணவு ஆய்வகங்கள் பெங்களூரிலேயே இருக்கின்றன. பொடியையும் அந்தத் தொட்டி மீனையும் கொடுத்து, ஆன்டிபயாட்டிக் எச்சமும் ஸ்டீராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். செலவு கொஞ்சம் பிடிக்கும். 1,200 மீனைக் கண்ணை மூடிக்கொண்டு விற்பதற்கும், கண்ணை மூடிக்கொண்டு புதைப்பதற்கும் நடுவில் உங்களுக்கு இருக்கிற ஒரே வழி அதுதான்.

மீனுக்குள் நடப்பது

தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்தபோது கெண்டை மீனின் மண்டை ஓட்டைத் திறந்து பிட்யூட்டரி சுரப்பியை எடுக்கச் சொல்வார்கள். மூளையை மெதுவாகத் தூக்கினால் அடியில் ஒரு சிறு குழியில் வெள்ளையாக, கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக உட்கார்ந்திருக்கும். இடுக்கி அழுந்தினால் நசுங்கிப்போகும். எடுத்த சுரப்பியைச் சுத்த ஆல்கஹால் ஊற்றிய சின்ன பிரவுன் பாட்டிலில் போட்டு வைப்போம். நம் நாட்டுக் கெண்டை வளர்ப்பின் கதையே அந்தப் பாட்டிலில்தான் தொடங்குகிறது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் பிட்யூட்டரிச் சாற்றை ஊசி போட்டுப் பெருங்கெண்டைகளை முட்டையிட வைத்தார்கள். அந்த நாளைத்தான் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். அது இனப்பெருக்கத்துக்கான ஊசி. இன்றும் குஞ்சுப் பொரிப்பகங்களில் சினை மீனுக்கு அந்த வகை ஊசி போடுகிறார்கள். 'மீனுக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள்' என்ற பேச்சு பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது. வளர்ச்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வளர்ச்சி ஹார்மோனும் அதே கடுகிலிருந்துதான் வருகிறது. மூளையிலிருந்து 'சுர' என்று ஒரு கட்டளையும் 'நிறுத்து' என்று ஒரு கட்டளையும் அதற்கு வந்துகொண்டே இருக்கும். காலியான இரைப்பை அனுப்பும் கிரெலின் என்ற ஹார்மோனும் அதைத் தூண்டும். சுரந்த ஹார்மோன் இரத்தத்தில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ஐ.ஜி.எஃப்-1 என்ற இன்னொரு ஹார்மோன் உண்டாகிறது. சதையையும் எலும்பையும் வளர்ப்பதில் பெரும்பங்கு இந்த இரண்டாவதுக்குத்தான். அது போதுமான அளவு சேர்ந்ததும் மேலே தகவல் போய், பிட்யூட்டரி சுரப்பைக் குறைத்துக்கொள்ளும்.

உங்களிடம் பொடி விற்றவருக்குத் தெரியாத ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. பட்டினி கிடக்கும் மீனின் இரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் குறைவதில்லை, கூடுகிறது! ஆனால் மீன் வளராது. கையில் சத்து இல்லாதபோது கல்லீரல் அந்த ஹார்மோனுக்குக் காது கொடுப்பதில்லை, ஐ.ஜி.எஃப்-1 இறங்கிவிடும். மேலே மிஞ்சிய ஹார்மோன் இருக்கிற கொழுப்பைக் கரைத்து உயிரைப் பிடித்துவைக்கும் வேலைக்குப் போய்விடுகிறது. அதனால் 'ஹார்மோன் பத்தவில்லை' என்ற பேச்சே முதலில் தப்பு. வளராத மீனின் உடம்பில் அது நிறையவே இருக்கலாம்.

உங்கள் மீனை நிறுத்தியது எது?

இப்போது அந்த விறைத்த விரலுக்கு வருவோம். ஜிலேபி வெப்பநாட்டு மீன். 28 முதல் 30 டிகிரி தண்ணீரில்தான் அது நன்றாகத் தின்று வளரும். 20க்குக் கீழே போனால் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். இன்னும் இறங்கினால் தீனியைத் தொடவே தொடாது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவில் 15, 16 டிகிரி சகஜம். ஏரித் தண்ணீர் மெதுவாகத்தான் குளிரும். இடுப்பளவுத் தார்ப்பாய்த் தொட்டி ஒரே இரவில் குளிர்ந்துவிடும். போதாததற்கு உங்கள் ப்ளோயர் ராத்திரி முழுக்க அந்தக் குளிர்காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் ஊதுகிறது. குளிரில் மீனுக்குப் பசியும் குறையும், கல்லீரலின் ஐ.ஜி.எஃப்-1 உற்பத்தியும் குறையும். உங்கள் பயிற்சியாளர் சொன்ன அரை கிலோ கணக்கு நெல்லூருக்கோ விஜயவாடாவுக்கோ பொருந்தலாம். ஆகஸ்டில் விட்ட குஞ்சுக்கு அத்திப்பள்ளியில் பொருந்தாது.

ப்ளோயரை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பயோஃபிளாக்கில் காற்று நின்றால் மீன் விடியும்வரை தாங்காது. மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் வெப்பமானி ஒன்று வாங்கி, காலை ஆறு மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் குறித்து வையுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கே மூங்கில் வளைவு மேல் தார்ப்பாயை இழுத்து மூடி, வெயில் வந்ததும் திறந்துவிடுங்கள். ஓரத்தில் காற்றுப் போக்குவரத்துக்கு இடம் இருக்கட்டும். காலை ஏழு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் தீனி போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஏழு மணித் தீனி அப்படியே அடியில் போய் அம்மோனியாவாகிறது. பதினொன்றுக்கும் மூன்றரைக்கும் மாற்றுங்கள், பத்து நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவு மட்டும். மதியத்திலும் தண்ணீர் 18 டிகிரி தாண்டாத நாளில் தீனியே வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், வருத்தப்படாதீர்கள். தொட்டிக்கு 20 மீன் என்று தினமும் பிடித்துச் சமையலறைத் தராசில் எடை போடுகிறீர்கள். பழைய மெஷின் ஷாப் பழக்கம், அளக்காமல் தூக்கம் வராது, புரிகிறது. வலைக்குப் பயந்து ஓடும் மீனின் தலைச் சிறுநீரகத்திலிருந்து கார்டிசால் சுரக்கும். நமக்குப் பதற்றத்தில் சுரக்கும் அதே ஹார்மோன்தான். பிடிபட்ட இருபது மட்டும் பயப்படுவதில்லை, துரத்தலில் தொட்டி முழுக்கக் கலங்கும். ஒரு தடவை என்றால் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். தினமும் நடந்தால் பசி மந்தமாகும், ஐ.ஜி.எஃப்-1 அமுங்கும், நோய் எதிர்ப்பும் இறங்கும். ராத்திரி மின்வெட்டில் இன்வெர்ட்டர் இரண்டு தொட்டிக்குத்தான் தாங்குகிறது என்கிறீர்களே, மற்ற இரண்டிலும் கார்டிசால் அப்போதும் ஏறும். எடையைப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, வெயில் ஏறியபின், வயிறு காலியாக இருக்கும்போது பாருங்கள். 1,800 ரூபாய்ப் பொடிக்குப் பதில் இன்னொரு பேட்டரி வாங்கியிருந்தால் மீனுக்கு அதுவே நல்ல டானிக்.

மூன்றாவது தொட்டிக் குஞ்சுகள்

தீபாவளி சமயத்தில் மூன்றாவது தொட்டி ஓரத்தில் பொடிக் குஞ்சுகள் பார்த்ததாக எழுதி, சந்தோஷப்பட்டும் இருக்கிறீர்கள். எனக்கு அது கவலையாக இருக்கிறது. நீங்கள் 'முழு ஆண்' குஞ்சு என்று காசு கொடுத்து வாங்கியவர். குஞ்சு வந்தால் பெண் கலந்திருக்கிறது என்று அர்த்தம். பெண் ஜிலேபி முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும். அத்தனை நாளும் தின்னாது. தின்ற நாளிலும் சத்து சினைக்குப் போய்விடும்.

முழு ஆண் குஞ்சு எப்படி வருகிறது என்பதை அடுக்ககத்தார் கேட்பதற்கு முன் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் உண்மையிலேயே ஹார்மோன் தொட்ட இடம் அதுதான். பொரித்துச் சில நாளே ஆன குஞ்சுக்கு ஆணா பெண்ணா என்பது உடம்பில் இன்னும் முடிவாகியிருக்காது. அப்போது மூன்று, நான்கு வாரம் கிலோ தீனிக்கு 60 மில்லிகிராம் மீதைல் டெஸ்டோஸ்டிரோன் கலந்து கொடுப்பார்கள். ஏறக்குறைய எல்லாமே ஆணாகிவிடும். அந்த நாட்களில் ஒரு குஞ்சு தின்னும் மொத்தத் தீனி ஒரு கிராம் என்றே வையுங்கள், அதில் இருக்கும் ஹார்மோன் 0.06 மில்லிகிராம். மனிதருக்கு மருந்தாகக் கொடுக்கும்போது இதே பொருள் தினம் பத்து மில்லிகிராமிலிருந்து தொடங்கும். குஞ்சின் உடம்பும் அதில் பெரும்பகுதியை நிறுத்திய சில வாரங்களுக்குள் வெளியேற்றிவிடும். மீன் சட்டிக்கு வருவது பல மாதம் கழித்து. ஆபத்து அதிகம் பொரிப்பகத்தில் கையுறை, முகமூடி இல்லாமல் அந்தத் தீனியைக் கலக்கிறவருக்கும், அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் ஓடைக்கும்தான். இதைப் பற்றி எந்தக் குரூப்பிலும் யாரும் கேட்பதில்லை.

உங்கள் மூன்றாவது தொட்டிக்கு வருகிறேன். குளிரில் இனப்பெருக்கம் நின்றிருக்கும், மார்ச்சில் மறுபடி தொடங்கும். அதற்குமுன் பிப்ரவரி மதியம் ஒன்றில் உட்கார்ந்து பிரித்துவிடுங்கள். மீனை மல்லாக்கப் பிடித்து, வால் பக்கத் துடுப்புக்கு முன்னால் பாருங்கள். ஆணுக்கு இரண்டு துளை, பெண்ணுக்கு மூன்று. தெரியவில்லை என்றால் மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு தடவினால் கோடு எடுப்பாகத் தெரியும். பெண் மீன்களைத் தனியாக ஒதுக்கி, சின்ன மீனாகவே விற்றுவிடுங்கள். குஞ்சுகளைப் பாவம் பார்த்து ஏரியில் விடவே கூடாது. திலாப்பியாவை மாநில மீன்வளத் துறையில் பதிவு செய்துதான் வளர்க்கவேண்டும், வெளியே தப்பவிடக் கூடாது என்பதும் விதி. பதிவு செய்ததாகக் கடிதத்தில் இல்லை. இல்லையென்றால் இந்த வாரமே போய்விட்டு வாருங்கள்.

குஞ்சு விற்றவரிடமும் பொடி விற்றவரிடமும் நியாயம் கேட்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டம் என் துறை இல்லை, தெரிந்ததைச் சொல்கிறேன். வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று உங்கள் நண்பர் சொன்னது பாதிதான் சரி. சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வாங்கியவருக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்குத் தருகிறது, இரண்டு வருடத்துக்குள் புகார் செய்யலாம். குஞ்சுக்கு பில் இருக்கிறது, அதோடு ஒரு வக்கீலைப் பாருங்கள். பொடிக்கு பில் வாங்கவில்லை. அங்கே ஆய்வக அறிக்கை வரும்வரை காத்திருங்கள். மருந்து கண்டுபிடிக்கப்பட்டால் அது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் போகவேண்டிய விஷயம், கால்நடை மருந்தும் 1940ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள்தான் வருகிறது.

மகள்

பதினோரு வயதில் பெரியவளாவது இயல்பான வயதுக்குள்தான். எட்டு வயதுக்கு முன்னால் மார்பு வளர்ச்சி தெரிந்தால்தான் குழந்தைகள் நல மருத்துவரிடம் உடனே போகவேண்டும். மீனின் வளர்ச்சி ஹார்மோன் எல்லா மீனிலும் இருக்கிறது, ஆற்று மீனிலும் கடல் மீனிலும். நம் வயிற்றில் அது செரித்துவிடும். குஞ்சுப் பருவ ஹார்மோன் கணக்கை மேலே சொல்லிவிட்டேன், அதுவும் ஆண் ஹார்மோன். முதல் தொட்டி மீனை வீட்டுக்கு எடுத்துவரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. அண்ணியிடம் சண்டைக்குப் போகவேண்டாம். அந்தப் பெண்ணுக்கு இந்த வயதில் புரதமும் இரும்புச் சத்தும் அதிகம் வேண்டும். மற்ற மூன்று தொட்டியிலிருந்து ஒரு மீனை எடுத்துக் குழம்பு வைத்து, அண்ணியையும் சாப்பிடக் கூப்பிடுங்கள்.

குரூப்பில் என்ன போடுவது?

'ஹார்மோன் இல்லாத மீன்' என்று மட்டும் போடாதீர்கள். அது பொய். அடுக்ககத்தில் வெட்டிச் சுத்தம் செய்து விற்கும்போது நீங்கள் வெறும் மீன் விவசாயி இல்லை, உணவு வியாபாரி. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) பதிவும் வேண்டும், தவறான விளம்பரத்துக்குப் பதிலும் சொல்லவேண்டி வரும். 'ஜெனட்டிக்' என்ற கேள்விக்குப் பதில் சுலபம். கிஃப்ட் என்பது 1988இல் பிலிப்பைன்ஸில் தொடங்கி, நன்றாக வளரும் மீன்களைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனம் சேர்த்த வகை. நல்ல கறவை மாட்டின் கன்றை விதைக்கு வைப்பது மாதிரி. மரபணு எதையும் வெட்டி ஒட்டவில்லை.

நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

'எங்கள் மீன் மரபணு மாற்றப்பட்டது இல்லை. ஆண் மீனாக வளர்வதற்காகப் பொரிப்பகத்தில் குஞ்சாக இருந்தபோது மூன்று, நான்கு வாரம் ஹார்மோன் தீனி கொடுத்திருக்கிறார்கள். எங்களிடம் வந்தபின் 2, 3, 4ஆம் தொட்டிகளில் எந்த மருந்தும் போடவில்லை. 1ஆம் தொட்டியில் ஒரு வளர்ச்சிப் பொடியைச் சில நாள் போட்டுவிட்டு நிறுத்திவிட்டோம். ஆய்வக அறிக்கை வரும்வரை அந்தத் தொட்டி மீன் விற்பனைக்கு இல்லை. தொட்டிகளைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் யார் வேண்டுமானாலும் வரலாம்.'

நாலு பேர் வாங்குவதை நிறுத்தலாம். குஞ்சுப் பருவ ஹார்மோன் வரியை எடுத்துவிடலாமா என்று உங்களுக்குத் தோன்றும். எடுக்காதீர்கள். அடுத்த தடவை குஞ்சு விடுவதைப் பிப்ரவரிக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, ஹெசரகட்டாவில் இருக்கும் நன்னீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி மையத்தில் அமூர் கெண்டை பற்றியும் விசாரித்துவிட்டு வாருங்கள். ஹங்கேரியிலிருந்து வந்த சாதாக் கெண்டை வகை அது. பழைய வகையைப் போல் சீக்கிரம் சினை பிடித்து வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளாது, பெங்களூர்க் குளிரையும் ஜிலேபியைவிட நன்றாகத் தாங்கும். தார்ப்பாய்த் தொட்டியைவிட மண் குளம்தான் அதற்குத் தோது. உங்கள் குத்தகை நிலத்தில் குளம் வெட்ட உரிமையாளர் சம்மதிப்பாரா என்று கேட்டு எழுதுங்கள்.